எல்லாருக்கும் தெரிந்த ஒரே பிடி: டெமியன் மாயாவை எப்படிக் கணக்கிடுவது?

கூண்டோரம்
இரண்டு இரவுகள் தூக்கத்தைத் தொலைத்து பிரேசில் வீரர் டெமியன் மாயாவின் எம்எம்ஏ சண்டைகளை (குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) முதலிலிருந்து பார்த்து முடித்தேன். மொத்தம் 28 வெற்றி, 11 தோல்வி. 2007 முதல் 2021 வரை யுஎஃப்சி என்ற எம்எம்ஏ போட்டி அமைப்பில் இருந்திருக்கிறார். மிடில்வெயிட் எடைப் பிரிவில் ஒரு முறை, அதற்குக் கீழான வெல்டர்வெயிட்டில் ஒரு முறை பட்டத்துக்காக மோதினார். இரண்டிலும் தோற்றார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், கல்லெறிபவர்கள் எறியலாம். எதிராளியைத் தரையில் பிடித்து, நெரித்தோ மூட்டை மடக்கியோ வெல்லும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை மட்டும் நம்பி ஒருவர் எம்எம்ஏவில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு மாயாதான் எல்லைக்கல். அதாவது, பட்டத்துக்கு ஒரு படி கீழே வரை. அதற்கு மேல் அந்தக் கலை தனியாக ஏறாது.

மல்லன்
கல்லெறிய மாட்டேன், மாலையே போடுகிறேன். 2017 ஜூலையில் வெல்டர்வெயிட் பட்டத்துக்காக டைரன் உட்லியோடு நடந்த சண்டையை ஒருவர் பார்த்தால் போதும், விவாதமே வேண்டாம். மாயா இருபதுக்கும் மேற்பட்ட முறை காலைப் பிடிக்கப் பாய்ந்தார். ஒன்றுகூடப் பலிக்கவில்லை. ஐந்து சுற்று, இருபத்தைந்து நிமிடம். நல்ல மல்யுத்த வீரன் எதிரில் நின்றால் ஜியு-ஜிட்சு வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே எத்தனை அறைகள் இருந்தால் என்ன, கதவு திறக்க வேண்டுமே.

பழையபாய்
கூண்டோரம் தம்பி, முதலிலிருந்து பார்த்தேன் என்கிறீர்கள். பிறகு முடிவிலிருந்து மட்டும் தீர்ப்பு எழுதுகிறீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பேசுவோம்.

மாயா சாவோ பாவ்லோக்காரர், 1977இல் பிறந்தவர். சின்ன வயதில் ஜூடோ கற்றிருந்தாலும் ஜியு-ஜிட்சுவைத் தொட்டது பத்தொன்பது வயதில்தான். நடக்கப் பழகும்போதே பாயில் உருண்ட, இந்தக் கலையை வளர்த்த கிரேசி குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது மிகத் தாமதம். ஆனாலும் ஐந்து ஆண்டு முடிவதற்குள் ஃபாபியோ குர்ஜெலிடம் கறுப்புப் பட்டை வாங்கிவிட்டார். பலருக்குப் பத்து ஆண்டு ஆகும் வேலை இது. எனக்குப் பதிமூன்று ஆனது, அதை விடுங்கள். 2005 ஏடிசிசி போட்டியில் 88 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் ஜக்காரே சோசாவுக்கு அடுத்து இரண்டாமிடம், 2007இல் அதே பிரிவில் முதலிடம். மேலங்கி இல்லாத பிடிச்சண்டையில் அதற்கு மேல் ஒரு மேடை கிடையாது.

அதே 2007இல் யுஎஃப்சிக்கு வந்தார். முதல் ஐந்து சண்டையிலும் ஐந்து பேரும் டேப் செய்தார்கள், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் சேல் சொன்னென், 2009 பிப்ரவரி, லண்டன். அந்த ஒரு சண்டையை நான் பாடமாகவே வைத்திருக்கிறேன். சொன்னென் வாழ்நாள் முழுக்க மல்யுத்தம் செய்தவர், மேலே விழுந்து அமுக்குவதுதான் அவருக்குச் சோறு. இருவரும் நின்றபடியே கட்டிப் பிடித்திருக்கிறார்கள். மாயா தன் உடலைப் பக்கவாட்டில் சரித்து அவரையும் சேர்த்துச் சுழற்றுகிறார். தரையைத் தொடும்போதே மாயா மவுண்டில், அதாவது மார்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். நடுவில் கடக்க வேண்டிய படிகள் எதுவும் இல்லை. அங்கிருந்தே காலை மடக்கி டிரையாங்கிள், அதாவது இரு காலாலும் கழுத்தை நெரிக்கும் பிடி. முதல் சுற்றில் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மல்லன் அவர்களே, மல்யுத்த வீரன் எதிரில் நின்றால் கதவு திறக்காது என்றீர்களே, இங்கே கதவோடு சுவரும் சேர்ந்து விழுந்தது.

மல்லன்
ஐயா, அடுத்த சண்டையையும் சொல்லுங்கள். அதற்குள் ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

பழையபாய்
சொல்கிறேன், மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? ஆறே மாதம் கழித்து நேட் மார்க்வார்ட் ஒரே குத்தில் படுக்க வைத்தார். 21 விநாடி. மாயாவின் முதல் தோல்வி அதுதான்.

தாரகை
அந்த 21 விநாடிதான் அவரைக் கெடுத்தது என்பது என் எண்ணம். தோற்றதால் அல்ல. தோல்விக்குப் பிறகு தன்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இடையில் ஒரு வெற்றிக்குப் பிறகு 2010 ஏப்ரலில் அபுதாபி. மிடில்வெயிட் பட்டம் வைத்திருந்த ஆண்டர்சன் சில்வாவோடு மோத வேண்டிய வீட்டர் பெல்ஃபோர்ட் காயத்தால் விலக, அந்த இடத்துக்கு வந்தார் மாயா. சில்வா முதல் இரண்டு சுற்றில் விளையாட்டுக் காட்டினார். ஆடினார், கையை விரித்தார், வசை பேசினார். பிறகு ஆட்டமும் அடங்கிப்போய் ஓடிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் சுற்றில் நடுவரே சில்வாவை எச்சரிக்க வேண்டியதாயிற்று. யுஎஃப்சி தலைவர் டானா ஒயிட் சண்டை முடியும் முன்பே பட்டத்தை சில்வாவின் மேலாளரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கடைசிச் சுற்றுகளில் கண் வீங்கி, முகம் கிழிந்து, துரத்திக்கொண்டே போனவர் மாயா. கூட்டமும் கடைசியில் அவர் பக்கம் சாய்ந்தது. ஆனால் எதைக் கொண்டு துரத்தினார் என்று கவனியுங்கள். கையைக் கொண்டு. தனக்குத் தெரியாத குத்துச்சண்டையைக் கொண்டு.

அதன் பிறகு இரண்டு ஆண்டு அந்த மயக்கம் தொடர்ந்தது. மார்க் முனோஸோடும் கிறிஸ் வைட்மனோடும் நின்று குத்தினார், புள்ளியில் தோற்றார். வைட்மனோ பதினொரு நாள் அவகாசத்தில் ஒப்புக்கொண்டு வந்தவர். அன்று இரண்டாம் சுற்றுக்குப் பிறகு இருவரும் சேற்றில் நடப்பது போல நடந்தார்கள். உலகத்திலேயே தலைசிறந்த கழுத்துப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நடுத்தரமான குத்துச்சண்டை வீரராக மாற முயன்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

நீலப்பட்டை
அக்கா, கையும் தெரிந்தால்தானே எம்எம்ஏ? குத்துச்சண்டை கற்றதைக் குறை சொல்லலாமா?

தாரகை
கற்றதைக் குறை சொல்லவில்லை தம்பி. எதற்காகக் கற்றார் என்பதுதான் கேள்வி. பிடிக்குப் பாதை போடக் கற்றிருந்தால் சரி. பிடிக்குப் பதிலாகக் கற்றார்.

கூண்டோரம்
ஒப்புக்கொள்கிறேன், அந்த இரண்டு ஆண்டு பார்க்கவே சலிப்பாக இருந்தது. வைட்மன் சண்டையை ஓட்டி ஓட்டித்தான் பார்த்தேன். ஆனால் 2012இல் எடை குறைத்து 77 கிலோ வெல்டர்வெயிட் பிரிவுக்கு வந்த பிறகு வேறு ஆள் மாதிரி இருக்கிறார். ரிக் ஸ்டோரி சண்டையில் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

பழையபாய்
2012 அக்டோபர், ரியோ. கழுத்துக்குள் கை போகவில்லை, தாடைக்கு மேலேயே சிக்கிக்கொண்டது. பலர் அங்கே விட்டுவிட்டு மறுபடி தேடுவார்கள். மாயா விடவில்லை. தாடையோடு சேர்த்து முகத்தையே நெரித்தார். ஸ்டோரியின் மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டது, அடுத்த கணமே டேப். பதிவேட்டில் கழுத்து முறுக்கு என்று இருக்கும். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: பயிற்சியில் கூட இருப்பவனிடம் இதைச் செய்யாதீர்கள். அவன் நண்பனாக நீடிக்க மாட்டான்.

அடுத்தது 2013 பிப்ரவரி, ஜான் ஃபிட்ச். ஸ்டோரி சண்டையைவிட எனக்கு இதுதான் பெரியது, ஆனால் இதை யாரும் பேசுவதில்லை, டேப் வரவில்லை என்பதால். எதிராளியை வேலியில் சாய்த்து, கீழே தள்ளி, பதினைந்து நிமிடமும் மூச்சு விடாமல் அமுக்குவதில் பெயர் பெற்றவர் ஃபிட்ச். அவருக்கே அந்த வைத்தியத்தை மூன்று சுற்றும் செய்தார் மாயா. நடுவர்கள் மூவரும் 30-27 என்று கொடுத்தார்கள், மூன்று சுற்றும் மாயாவுக்கே. மல்யுத்தத்தில் ஊறிய ஒருவரின் முதுகில் ஒரு ஜியு-ஜிட்சுக்காரர் மூட்டை போலத் தொங்கிக்கொண்டே சண்டையை முடித்தார்.

கணக்கன்
எல்லாரும் உணர்ச்சியில் இருக்கிறீர்கள். நான் என் வேலையைச் செய்கிறேன்.

பதினொரு தோல்வியும் யுஎஃப்சியில் வந்தவை. மார்க்வார்ட், சில்வா, முனோஸ், வைட்மன், ஷீல்ட்ஸ், மெக்டொனால்ட், உட்லி, கவிங்டன், உஸ்மான், பர்ன்ஸ், பெலால் முகமது. இவற்றில் அடிபட்டு விழுந்தது முதலாவதிலும் பர்ன்ஸிடமும் மட்டும். மற்ற ஒன்பதும் நடுவர் தீர்ப்பு. பிடியில் சிக்கி டேப் செய்தது ஒன்றுகூட இல்லை.

இன்னும் ஒன்று. இந்தப் பதினொரு பேரில் சில்வா, வைட்மன், உட்லி, உஸ்மான், முகமது ஆகிய ஐந்து பேர் ஏதோ ஒரு காலத்தில் யுஎஃப்சி பட்டம் வைத்திருந்தவர்கள். கவிங்டன் இடைக்காலப் பட்டம் வைத்திருந்தார், ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்காத மாயாவை வெல்வதற்குப் பெரும்பாலும் பட்டம் வாங்கும் தகுதி தேவைப்பட்டிருக்கிறது.

மல்லன்
கணக்கன் ஐயா, உங்கள் கணக்கு என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. வைட்மன், உட்லி, கவிங்டன், உஸ்மான் எல்லாரும் மல்யுத்தத்திலிருந்து வந்தவர்கள். முனோஸும் அப்படித்தான். பட்டியலில் பாதி எங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

கணக்கன்
மறுக்கவில்லை. சொன்னென், ஸ்டோரி, ஃபிட்ச், ஆஸ்க்ரன் ஆகியோரும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நீலப்பட்டை
எனக்கு ஒரு சந்தேகம். மாயா காலைத்தான் பிடிக்கப் போகிறார், பிறகு முதுகுக்குத்தான் போகப் போகிறார் என்று உலகத்துக்கே தெரியும். அப்படியிருந்தும் மேக்னி, மாட் பிரவுன், கான்டிட் போன்றவர்கள் எப்படி விழுந்தார்கள்? மாதக்கணக்கில் அதற்கென்றே பயிற்சி செய்திருப்பார்களே?

பழையபாய்
இப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நீளமாக எழுதுவேன், தேநீர் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மாயா பாய்வது தூக்கிப் போடுவதற்காக அல்ல. மல்யுத்தக்காரர் காலைப் பிடித்தால் விழ வைக்கப் பிடிப்பார். விழவில்லை என்றால் விட்டுவிட்டு எழுவார். மாயாவுக்கு விழுவது யாராக இருந்தாலும் சரி. ஒற்றைக் காலைப் பிடிக்கிறார். எதிராளி இடுப்பைப் பின்னால் தள்ளி அவர் முதுகின் மேல் பாரம் போடுகிறார். இது சரியான தடுப்பு, எல்லாப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுப்பது. மாயா எதிர்த்துத் தள்ளுவதில்லை, பக்கவாட்டில் சரிந்து கீழேயே உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் கால் இப்போது அவருடைய இரண்டு தொடைக்கும் நடுவில். இதுதான் ஹாஃப் கார்டு. ஒரு கை எதிராளியின் அக்குளுக்கு அடியில் போய் முதுகைச் சுற்றிக்கொள்கிறது, காது அவருடைய விலாவோடு ஒட்டிக்கொள்கிறது.

மேலே இருப்பவருக்கு இப்போது இரண்டே வழி. பாரத்தை முன்னால் போட்டால் மாயா அடியில் நுழைந்து மறுபக்கம் வந்துவிடுவார், அங்கே முதுகு காத்திருக்கிறது. பாரத்தைப் பின்னால் எடுத்து எழப் பார்த்தால், பிடித்த காலோடு மாயாவும் கூடவே எழுந்து கீழே தள்ளுவார். இருதலைக் கொள்ளி எறும்பு. முதுகில் ஏறியதும் வயிற்றைச் சுற்றிக் காலைப் பூட்டிவிடுகிறார். அப்புறம் திரும்பினால் மவுண்ட், திரும்பாவிட்டால் சோக், அதாவது கழுத்து நெரிப்பு.

கான்டிட் சண்டை 2016 ஆகஸ்டில் வான்கூவரில் நடந்தது. மேலே சொன்னதெல்லாம் 1 நிமிடம் 52 விநாடிக்குள் முடிந்துவிட்டது. கான்டிட் ஒரு காலத்தில் இடைக்காலப் பட்டம் வைத்திருந்தவர், சாதாரண ஆள் அல்ல.

எங்கள் கூடத்தில் வயதான ஒருவர் இருந்தார். உருளும் முன்பே எந்தக் கையால் எந்தப் பக்கம் நெரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். எட்டு மாதம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் காத்தேன். அவர் சொன்ன பக்கமே ஒவ்வொரு முறையும் நெரித்தார். தெரிவது வேறு தம்பி, தடுப்பது வேறு.

மல்லன்
அருமையாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா, வணங்குகிறேன். ஆனால் உங்கள் விளக்கத்திலேயே ஓட்டை இருக்கிறது. மேலே இருப்பவருக்கு இரண்டே வழி என்றீர்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு. மேலே இருக்கவே மறுப்பது.

உட்லி செய்தது அதைத்தான். மாயா பாய்ந்தார், உட்லி இடுப்பைப் பின்னால் எறிந்தார், மாயா கீழே உட்கார்ந்தார். அந்த நொடியில் உட்லி அவர்மேல் விழாமல் காலை உருவிக்கொண்டு நடந்து போய்விட்டார். மாயா தரையில், எதிரே யாரும் இல்லை. எழுந்து மறுபடி பாய வேண்டும். ஒரு சண்டையில் இருபது முறை இப்படி எழுந்தால் முப்பத்தொன்பது வயது உடம்பு என்ன ஆகும்? கூட்டம் கூச்சலிட்டது. உட்லிக்குக் கவலையே இல்லை, பட்டத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். அதே ஆண்டு அக்டோபரில் கவிங்டன், மறு ஆண்டு மே மாதம் உஸ்மான். மூவரும் அதே பாடத்தை அதே நோட்டுப் புத்தகத்திலிருந்து எழுதினார்கள்.

தாரகை
இதில் விதிகளின் பங்கும் இருக்கிறது. ஜியு-ஜிட்சு போட்டியில் நான் கீழே உட்கார்ந்தால் எதிராளி வந்துதான் ஆக வேண்டும், வராவிட்டால் அவருக்குப் புள்ளி கிடையாது. கூண்டில் அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. நின்றபடி இரண்டு குத்து விட்டால் சுற்று அவருக்கு. 1993இல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியில் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றபோது, கீழே போனால் என்ன நடக்கும் என்பதே எதிரில் நின்றவர்களுக்குத் தெரியாது. தாங்களாகவே வலைக்குள் நடந்து வந்தார்கள். மாயா காலத்தில் எல்லாரும் வலையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகக் கற்றுவிட்டார்கள். அந்தக் காலத்திலும் பிடித்தாரே, அதுதான் எனக்கு வியப்பு.

கூண்டோரம்
அப்படியானால் நான் முதலில் சொன்னதுதானே? தனியாக ஏறாது. இன்னொரு ஜியு-ஜிட்சுக்காரர் சார்ல்ஸ் ஒலிவேராவைப் பாருங்கள். யுஎஃப்சி வரலாற்றிலேயே அதிகப் பிடி வெற்றிகள் அவருடையவை. ஆனால் 2021 மே மாதம் மைக்கேல் சாண்ட்லரை வீழ்த்திக் காலியாக இருந்த பட்டத்தை எதைக் கொண்டு வென்றார்? குத்தைக் கொண்டு! அடுத்த மாதமே மாயா தன் கடைசிச் சண்டையில் பெலால் முகமதிடம் புள்ளியில் தோற்று விடைபெற்றார். இந்த இரண்டும் அடுத்தடுத்து நடந்தது எனக்கு என்னவோ செய்தது.

பழையபாய்
நல்ல உதாரணம். தலை வணங்குகிறேன், பாதிதான். ஒலிவேராவின் முழங்காலுக்கும் முழங்கைக்கும் பயந்து எதிராளி கையை மேலே தூக்குகிறான், இடுப்பு திறக்கிறது. மாயாவிடம் அந்த இரண்டாவது பயம் இல்லை. எதிராளிக்கு ஒரே பயம், அந்த ஒன்றைக் காத்தால் போதும். தாரகை சொன்னது அதுதான்: குத்துச்சண்டையைப் பிடிக்குத் துணையாகக் கற்றிருந்தால் கதை மாறியிருக்கலாம்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். இன்னொரு பிரேசில் ஜியு-ஜிட்சுக்காரர் நோகெய்ராவை எனக்குக் கடவுள் அளவுக்குப் பிடிக்கும். 2002இல் டோக்கியோவில் பாப் சாப் என்ற மலை அவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்தியது. அத்தனையும் வாங்கிக்கொண்டு இரண்டாம் சுற்றில் ஆர்ம்பார் என்ற முழங்கைப் பிடி போட்டு வென்றார். உடம்பை விலையாகக் கொடுத்து வாங்கிய வெற்றிகள் அவை. நோகெய்ராவின் கடைசி ஆண்டுச் சண்டைகளை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. மாயா நாற்பத்திமூன்று வயதுவரை கூண்டில் இருந்தார், வென்ற சண்டைகளில் பலவற்றில் அடி வாங்காமலே இறங்கினார். எதிராளியையும் பெரும்பாலும் சிதைக்கவில்லை, ஸ்டோரியின் மூக்கைத் தவிர. இதழியல் படித்தவர், தெளிவாகப் பேசுபவர், இன்னும் தெளிவாகப் பேசுகிறார். இதை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள் கணக்கன்?

கணக்கன்
அதற்குப் பத்தி இல்லை ஐயா.

மல்லன்
சரி, நானும் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். மூன்று தோல்விக்குப் பிறகு எல்லாரும் அவர் முடிந்துவிட்டார் என்றார்கள், நானும் சொன்னேன். 2019 அக்டோபர், சிங்கப்பூர், பென் ஆஸ்க்ரன். எங்கள் பக்கத்தின் சிறந்த பிடிக்காரர்களில் ஒருவர், ஒலிம்பிக் வரை போனவர். வேடிக்கை என்னவென்றால், இருவரும் நெடுநேரம் நின்று குத்திக்கொண்டிருந்தார்கள், இரண்டு சமையல்காரர்கள் தச்சு வேலை பார்ப்பது போல. மூன்றாம் சுற்றில் தரைக்குப் போனதும் மாயா முதுகுக்குப் போய் நெரித்துவிட்டார். ஆஸ்க்ரன் அதற்கப்புறம் எம்எம்ஏவுக்கே திரும்பவில்லை. அன்று மாயாவுக்கு நாற்பத்தொன்று முடிந்து, நாற்பத்திரண்டுக்குச் சில நாட்களே பாக்கி.

கூண்டோரம்
எல்லைக்கல் என்ற சொல்லைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்தக் கல்லை அவ்வளவு தொலைவில் நட்டவரும் இவர்தான் என்று சேர்த்துக்கொள்கிறேன். ஃபிட்ச் சண்டையை இன்று இரவு மறுபடி பார்க்கிறேன். முதல் முறை இடையில் தூங்கிவிட்டேன், ஐயாவிடம் சொல்லப் பயந்தேன்.

பழையபாய்
தெரியும். 'ஸ்டோரி சண்டையில் எழுந்து நின்றேன்' என்று எழுதிவிட்டு அடுத்த சண்டையைப் பற்றி மூச்சே விடவில்லையே.

நீலப்பட்டை
பழையபாய் ஐயா எழுதியதை நேற்று பயிற்சியில் செய்து பார்த்தேன். ஒற்றைக் காலைப் பிடித்தேன், அவன் இடுப்பைப் பின்னால் எறிந்தான், நான் சரிந்து ஹாஃப் கார்டில் உட்கார்ந்தேன், அக்குளுக்கு அடியில் கையும் போனது. எல்லாம் சொன்னபடி.

பழையபாய்
பிறகு?

நீலப்பட்டை
காலை உருவிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.